நேரலையா, பதிவா? வாட்ஸாப் கால உறவுகளை வானொலியில் பேசவைக்க எது சரி?

வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் கணவன் மனைவிக்குள் என்ன செய்கின்றன என்று, ஒரு வட்டாரத்துக்கு மட்டும் கேட்கும் சமுதாய வானொலியில் அரை மணி நேர நேர்காணல் ஒன்று போடலாம் என்றால் எந்த நிலையத்திலும் உடனே தலையாட்டுவார்கள். எப்படிப் போடுவது என்பதில்தான் இழுபறி வரும். நேரலையில் விருந்தினரை உட்காரவைத்து நேயர்களின் அழைப்பையும் எடுக்கலாம் என்பது ஒரு கட்சி. முன்னாடியே பதிவு செய்து, எடிட் பண்ணி ஒலிபரப்பலாம் என்பது இன்னொரு கட்சி. இந்தத் தலைப்பைப் பொறுத்தவரை நான் இரண்டாவது கட்சி.

நேரலைக்கு ஒரு சூடு உண்டு, அதை மறுக்க முடியாது. "ப்ளூ டிக் விழுந்து ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் பதில் இல்லைங்க" என்று ஒரு நேயர் ஆரம்பித்துவிட்டால் போதும், அப்புறம் போன் ஓயாது. தொகுப்பாளருக்கும் தூக்கம் வராது. பதிவில் இந்த வேகத்தை எந்த எடிட்டராலும் செய்து கொடுக்க முடியாது.

ஆனால் பெரிய வணிக எஃப்.எம். நிலையங்களில் நேரலையைச் சில விநாடி தாமதித்து அனுப்பும் வசதி இருக்கும்; தப்பாக ஏதாவது வந்தால் வெட்டிவிடலாம். சின்ன ஸ்டுடியோக்களில் அது பெரும்பாலும் கிடையாது. இந்தத் தலைப்பில் கெட்ட வார்த்தையைவிட ஆபத்தானது ஆள் பெயர். "எங்க தெரு மளிகைக் கடைக்காரர்தான் என் வீட்டுக்காரிக்கு குட் மார்னிங் அனுப்பறாரு" என்று காற்றில் போய்விட்டால் திருப்பி வாங்க முடியாது.

சமுதாய வானொலி பொதுவாக 100 வாட் சக்தி வரைதான் அலைபரப்பலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்கும். அந்த வட்டத்துக்குள் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் குறைவு. சென்னையில் "பெயர் சொல்ல விரும்பாத நேயர்" என்றால் கூட்டத்தில் கரைந்துவிடலாம். இங்கே வாயைத் திறந்தாலே "இது நம்ம கிழக்குத் தெரு அக்கா குரலாச்சே" என்பார்கள். கணவன் மனைவி பேச்சை ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பதிந்திருந்தாலும் மணவழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு வானொலி பற்றியதல்ல. ஆனாலும் தம்பதிக்குள் நடந்த பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதை மைக்கைப் போடுமுன் நினைத்துக்கொள்வது நல்லது.

பதிவில் விருந்தினருக்கு ஒரு பிடி இருக்கிறது. "பேசி முடிச்சதும் எது வேண்டாமோ சொல்லுங்க அக்கா, எடுத்துடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். பேச்சும் அதிகம் வரும்.

பதிவுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: கத்தரி பொய் சொல்லும். "அவர் போனை நான் எடுத்துப் பார்ப்பேன், ஆனா அவர் எதிர்லதான் பார்ப்பேன்" என்கிறார் ஒருவர். நேரம் போதவில்லை என்று "ஆனா"வுக்கு முன்னாடியே நிறுத்திவிட்டால், மறுநாள் ஊருக்கு அவர் வேவு பார்க்கும் மனைவி. அதனால் எடிட் முடிந்ததை விருந்தினருக்கு ஒருமுறை போட்டுக் காட்டுவதைக் கட்டாயமாக்கிவிடவேண்டும். நேரம் பிடிக்கும்தான், வேறு வழியில்லை.

அடுத்தது, தம்பதியைச் சேர்த்து உட்காரவைப்பதா, தனித்தனியாகவா? சேர்த்து வைத்தால் சிரிப்பும் சீண்டலும் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அம்மாவிடம் கேட்கும் கேள்விக்கு ஐயா பதில் சொல்வார், அம்மா "ஆமாங்க" என்பதோடு சரி. நான் தனித்தனியாகத்தான் எடுப்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: அவரவர் போனைப் பற்றி மட்டும் பேசவேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்பது சில தொகுப்பாளர்களுக்குப் பிடித்த வித்தை. அது வீட்டுக்குள் சண்டையைக் கூட்டத்தான் உதவும்.

பொதுவான கேள்வியா, குறிப்பான கேள்வியா என்பதில் போட்டியே இல்லை. "சமூக ஊடகம் உறவைக் கெடுக்கிறதா?" என்று கேட்டால் "எல்லாம் நாம பயன்படுத்தறதுலதான் இருக்கு" என்ற பிரசங்கம் வரும். அதே ஆளிடம், கணவர் துபாயில் இருப்பவர் என்றால், "எத்தனை மணிக்குக் கூப்பிடுவார், எதில் கூப்பிடுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே வாட்ஸாப்பில் கால் போகாது, போட்டிம் மாதிரி வேறு செயலிதான். நம் நேரம் ஒன்றரை மணி முந்தி என்பதால் அவர் வேலை முடித்து ஒன்பதுக்குக் கூப்பிடும்போது இங்கே பத்தரை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். "தூங்குற பிள்ளைங்க முகத்தைக் காட்டச் சொல்வாரு. அப்படியே ஹாலையும் ஒரு சுத்துக் காட்டச் சொல்வாரு" என்று பதில் வரும். பாசமும் கண்காணிப்பும் ஒரே வீடியோ காலில்! இதற்கு மேல் தொகுப்பாளர் எதையும் விளக்கவேண்டியதில்லை, கொஞ்சம் சும்மா இருந்தால் போதும்.

மனநல ஆலோசகரைக் கூப்பிடுவதில் தவறில்லை. ஆனால் விருந்தினர் பக்கத்திலேயே அவரை உட்காரவைத்தால் விருந்தினர் நோயாளியாகிவிடுவார். ஆலோசகருக்கு இரண்டாம் பாதி போதும். நேரலைக் கட்சிக்கும் அங்கே இடம் கொடுக்கலாம்: பதிவு ஒலித்து முடிந்ததும் ஆலோசகர் நேரலையில் வரட்டும், நேயர்கள் அழைப்புக்குப் பதில் வாட்ஸாப் வாய்ஸ் நோட் அனுப்பட்டும். கேட்டுப் பார்த்துவிட்டுப் போடலாம், பெயர் வந்தால் நிறுத்தலாம். சமயத்தில் போன் லைனைவிடக் குரலும் தெளிவாக இருக்கும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்கவேண்டும் என்பது உரிம நிபந்தனை, அதனால் ஆலோசகர் பகுதியையும் பதிந்துகொள்ளவேண்டும்.

ஸ்டுடியோவா, வீடா என்றால் இந்தத் தலைப்புக்கு வீடுதான். மின்விசிறியை நிறுத்திவிட்டு, குக்கர் அடுப்பில் இல்லை என்று பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். விருந்தினரின் போனை மட்டும் அப்புறப்படுத்தாதீர்கள். ஃப்ளைட் மோடில் போட்டுக் கையிலேயே கொடுங்கள். பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே பேசும்போது தேதி, நேரம் எல்லாம் தானாக வரும்.

கடைசியாக, பெண்கள் உதவி எண் 181-ஐ நிகழ்ச்சி முடிவில் இரண்டு முறை சொல்லவேண்டும். முதல் முறை சொல்லும்போது பாதிப் பேர் பேனா தேடிக்கொண்டிருப்பார்கள்.