கேஎல்ல (கோலாலம்பூர்ல) வேலை கெடச்சவங்களுக்கு காஜாங் ஓகேவா?

ஈப்போ, பினாங்குலருந்து கேஎல்லுக்கு வேலைக்கு வர்றவங்க நேரா சிட்டி நடுவுல இருக்குற பிரிக்ஃபீல்ட்ஸ்லயே வீடு தேடுறாங்க, வாடகைய கேட்டதும் மூஞ்சி தொங்கிடுது. நான் கேஎல்லுக்கு வெளிய, சிலாங்கூர்ல இருக்குற காஜாங்தான் சொல்வேன். எம்ஆர்டி ரயில் லைன் இங்கதான் முடியுது, அதாவது காலையில ஏறுனா பெரும்பாலும் சீட்டு கெடச்சிரும், புக்கிட் பிந்தாங், பசார் செனிக்கெல்லாம் மாறாம போயிறலாம், பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல்னா மியூசியம் நெகாரா ஸ்டேஷன்ல எறங்கி நடந்தா போதும். மலேசியக்காரங்கன்னா மை50ங்கிற பயணப் பாஸ் எடுத்துக்குங்க, 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) 30 நாள். ஆனா அது கேடிஎம் கொமுட்டர் ரயில்ல செல்லாது, அதையும் பாத்துக்குங்க.

காடியில (கார்ல) தெனம் போறவங்களுக்கு இது வேணாம்பா. செராஸ்-காஜாங் ஹைவேயில டோலும் கட்டி ஜாம்லயும் நிக்கணும், சாயங்காலம் மழை வந்துச்சுன்னா கேக்கவே வேணாம்.

வீடு பாக்கும்போது ஸ்டேஷன் பக்கம்னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, நீங்களே நடந்து பாருங்க, பல எடத்துல நடைபாதையே இருக்காது. ரெண்டு மாச டெபாசிட், யூடிலிட்டிக்கு அரை மாசம், முதல் மாச வாடகைன்னு மொத்தமா கேப்பாங்க, கையில காசு வச்சிட்டு வாங்க. காஜாங்னாலே பேர்போன சாத்தே, அதான் குச்சியில குத்திச் சுட்ட கறி, அத பத்தி நான் சொல்லித்தான் தெரியணுமா என்ன!