9யூ வால் மவுண்ட் ரேக்: பெட்டி தாராளமாக வாங்கலாம், கூட வருகிற ஸ்க்ரூவை நம்பாதீர்கள்

அவசரத்தில் படிப்பவர்களுக்காக மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். ரவுட்டர், ஸ்விட்ச் மாதிரி சாமானையெல்லாம் உள்ளே மாட்டிச் சுவரில் தொங்கவிடுகிற இரும்புப் பெட்டிதான் இந்த ரேக். பெட்டிக்கு நாலு ஸ்டார். அதோடு சின்ன பாலிதீன் கவரில் வரும் ஸ்க்ரூவுக்கும் பிளாஸ்டிக் பிளக்குக்கும் முட்டை. கடையிலிருந்து ஃபிட்டிங்குக்கு அனுப்பிய ஆளுக்கு ஒரு ஸ்டார், அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்தாரே என்பதற்காக.

எங்களுடையது வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பழைய லாட்ஜ். மாமா நடத்துகிறார், ஒயர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில். வங்காளம், அஸ்ஸாம், ஆந்திரா என்று எங்கெங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள்; வெந்நீர் வரவில்லை என்றால்கூட பொறுத்துக்கொள்வார்கள், வைஃபை நின்றால் அடுத்த நிமிஷம் ரிசப்ஷனில் கூட்டம் கூடிவிடும், ஊரில் விட்டுவந்த பிள்ளையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கேமரா ரெக்கார்டர், நெட்வொர்க் ஒயரிலேயே கேமராவுக்குக் கரண்டும் கொடுக்கிற 24 போர்ட் பிஓஈ ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாம் பீரோ மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதற்காகத்தான் ரிசப்ஷனுக்கு ஒரு 9யூ, மாடிக்கு ஒரு 6யூ வாங்கினோம்.

யூ என்பது உயரக் கணக்கு. ஒரு யூ 44.45 மில்லி, அதாவது ஒன்றே முக்கால் இஞ்ச். ஆக 9யூவில் உள்ளே 40 சென்டிமீட்டர் உயரம் உபயோகத்துக்குக் கிடைக்கும். உள்ளே மாட்டுகிற சாமானின் அகலம் எந்தக் கம்பெனியானாலும் 19 இஞ்ச்தான், அதில் பயமில்லை. கவனிக்க வேண்டியது ஆழம். 450, 550, 600 மில்லி என்று கிடைக்கிறது. கடையில் 600 எடுத்துக்கோங்க, விலையில் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள். வித்தியாசம் விலையில் இல்லைதான், சுவரில் இருக்கிறது. பெட்டி எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு எடை சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும், மேல் போல்ட்டை அவ்வளவு பலமாக வெளியே இழுக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பெட்டி 16 கிலோ, உள்ளே போகிற சாமான் 14 கிலோ, மொத்தம் 30. ஸ்விட்ச்செல்லாம் முன்பக்கத்து ரெயிலில் தொங்குவதால் எடையின் மையம் சுவரிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டரில் வரும். மேல் போல்ட்டுக்கும் பெட்டியின் அடிவிளிம்புக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முப்பதை முப்பதால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் 22.5. அதாவது மேலே இருக்கிற இரண்டு போல்ட்டையும் சேர்த்து எந்நேரமும் 22 கிலோவுக்கு மேல் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. இது சும்மா தொங்கும்போது. ஏணியில் நிற்கிற ஆள் பிடிமானத்துக்குப் பெட்டியின் முன்விளிம்பில் ஒரு 20 கிலோ கையூன்றினால் போதும், இழுப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஊன்றாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் ஸ்விட்ச்சுக்கும் பின்னால் ஒயர் வளைவதற்கும் 550 போதும் என்று அளந்து பார்த்து அதையே எடுத்தோம். 600 என்றால் அந்தப் பக்கம் நடக்கிறவர் தோளும் இடிக்கும்.

பெட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தகடு அழுத்தினால் குழியவில்லை, பவுடர் கோட்டிங் மூலைகளிலும் சீராக இருக்கிறது, பக்கக் கதவு இரண்டும் கழற்றுகிற மாதிரி, முன்கதவு டஃபன்ட் கண்ணாடி. மேலே ஃபேன் வைக்க இடமிருக்கிறது, ஒரு ஃபேனும் கொடுத்தார்கள். முன்ரெயிலை முன்னே பின்னே நகர்த்தலாம், இது இந்த விலையில் எல்லாப் பெட்டியிலும் இருப்பதில்லை. குறை என்று பார்த்தால் கேஜ் நட்டை (சாமானை மாட்ட ரெயிலின் சதுர ஓட்டையில் போடுகிற நட்) உள்ளே தள்ளுவதற்குள் கட்டைவிரல் தோல் போய்விடும், அதற்கென்று இருக்கிற சின்னக் கொக்கியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பூட்டு. 9யூவின் சாவி 6யூவைத் திறக்கிறது, பக்கத்து லாட்ஜில் இருக்கிற வேறு கம்பெனி ரேக்கையும் திறக்கிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் பூட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஃபிட்டிங் கதை. கடை அனுப்பியவர் வந்தார், பெட்டியோடு வந்த கவரைப் பிரித்தார், டிரில்லைச் செருகினார். நான் கேட்ட முதல் கேள்விக்கே "சார், நூறு ரேக் மாட்டியிருக்கேன்" என்று பதில் வந்தது. மாடியில் 6யூவை மாட்டி, கையைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். சாமான் ஏற்றி இரண்டு நாள்கூட ஆகவில்லை, பெட்டியின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கீழே கட்டில் எதுவும் இல்லாதது நல்லகாலம். போன் போட்டால் "சுவர் சரியில்லை சார்" என்கிறார். சுவர் என்ன சுவர் என்று பார்த்துவிட்டுத்தானே ஓட்டை போட வேண்டும்?

சத்துவாச்சாரியிலிருந்து எங்களுக்கு வழக்கமாக வருகிற எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். டிரில்லை எடுக்கவேயில்லை, விரல் முட்டியால் சுவரை நாலு இடத்தில் தட்டினான். "உள்ள காலியா கீதுண்ணா, ஹாலோ பிளாக்." ஆமாம், மாடி பிற்பாடு கட்டியது, அது ஹாலோ பிளாக். அதன் ஓடு ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல் கனம், அதற்குப் பின்னால் வெறும் காற்று. இதில் இடித்துக்கொண்டே துளைக்கிற ஹேமர் மோடில் டிரில் வைத்தால் ஓட்டின் உள்பக்கம் சில்லு சில்லாக உதிர்ந்துவிடும், சாதாரண பிளக்குக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. கழற்றிப் பார்த்தால் பழைய பிளக் கையோடு வந்துவிட்டது.

ஹாலோ பிளாக்குக்கு இரண்டு வழி உண்டு. வலைக் குழாய் வைத்து உள்ளே கெமிக்கல் ஆங்கர் பசையைச் செலுத்தி, அது இறுகும்வரை தொடாமல் விடுவது ஒன்று. சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, நீளமான போல்ட் விட்டு, பின்னால் இரும்புப் பட்டை கொடுத்து நட் போட்டு முடுக்குவது இன்னொன்று. எங்களுக்கு மறுபக்கம் தலையணை போட்டுவைக்கிற ஸ்டோர் ரூம், அழகைப் பற்றிக் கவலையில்லை, ஆகவே இரண்டாவது வழி. 8 மில்லி த்ரெட் ராடு, பின்னால் 5 மில்லி கனப் பட்டை. ஹேமர் மோடை அணைத்துவிட்டு நிதானமாகத்தான் துளைத்தான். இனி அந்த ரேக் விழ வேண்டுமென்றால் சுவரோடுதான் விழ வேண்டும். பக்கத்தில் கான்கிரீட் தூணோ பீமோ தோதாக இருந்தால் அதைவிடச் சௌகரியம், எம்8 ஆங்கர் ஃபாஸ்ட்னர் போட்டு முடித்துவிடலாம். அதே ஃபாஸ்ட்னரைச் செங்கலில் போட்டு பலம்கொண்ட மட்டும் முடுக்காதீர்கள், உள்ளே விரிந்து செங்கலையே பிளந்துவிடும். ஏஏசி பிளாக் சுவர் என்றால் அதற்கென்றே தனி பிளக் விற்கிறது. அது லேசான கல், அதிலும் ஹேமர் கூடாது.

ரிசப்ஷன் சுவர் வேறு ஜாதி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர், ஒன்றரை முழம் கனம், கோட்டைக்குப் பக்கத்து வீடு என்று மாமா பெருமை பேசுகிற அதே சுவர். பலமானதுதான், ஆனால் பூச்சே ஒரு இஞ்சுக்கு மேல் இருக்கிறது. கவரில் வந்த பிளக் 35 மில்லி. ஒரு இஞ்ச் என்பதே 25 மில்லி. மீதி 10 மில்லிகூட செங்கலுக்குள் போகாது, மொத்த எடையும் பூச்சில்தான் தொங்கும். புது வீடு என்றாலும் சிமெண்ட் பூச்சு 12, 15 மில்லி இருக்கும், அதையும் கழித்துவிட்டுத்தான் பிளக் நீளத்தைப் பார்க்க வேண்டும்.

இங்கே தம்பி செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. ரேக்கை நேராகச் சுவரில் மாட்டவே இல்லை. 19 மில்லி பிடபிள்யூஆர் (ஈரம் தாங்குகிற ரகம்) பிளைவுட்டில் பெட்டியைவிட இரண்டு பக்கமும் அரை அடி அதிகமாகப் பலகை வெட்டி, கரையான் மருந்து அடித்து, ரேக்குக்கான போல்ட்டைப் பலகையின் பின்பக்கமிருந்தே விட்டு வைத்துவிட்டு, அதற்கப்புறம் பலகையை 10 மில்லிக்கு 100 மில்லி நீள ஃப்ரேம் பிளக் எட்டு போட்டுச் சுவரில் அடித்தான். எட்டும் செங்கல் நடுவில் விழும்படி பார்த்துக்கொண்டான், காரை மூட்டில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் தூசியை ஊதி வெளியேற்றினான். தூசி உள்ளே கிடந்தால் பிளக் வழுக்கும், நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை.

டிரில் வைக்கும் முன் மெயினை அணைத்தோமா, சுவருக்குள் என்ன போகிறது என்று பார்த்தோமா என்பதும் முக்கியம். சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஒயர் பைப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் பாத்ரூம் என்றால் அந்தச் சுவரை மறந்துவிடுங்கள், தண்ணீர் பைப்பில் ஓட்டை விழுந்தால் ரேக் செலவைவிட டைல்ஸ் செலவு அதிகம். ஏசி தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குக் கீழேயும் வேண்டாம்.

தூக்கி மாட்டும்போது கதவு, பக்கத்தகடு எல்லாம் கழற்றிவிட்டுக் கூட்டை மட்டும் இரண்டு பேராகத் தூக்கினார்கள். மேல் போல்ட் இரண்டிலும் நட்டைக் கொஞ்சம் தளர்வாக விட்டு அதில் கோத்துத் தொங்கவிட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கீழ் போல்ட் போட்டு, கடைசியில்தான் நாலையும் முடுக்கினார்கள். அதற்கப்புறம் தம்பி இரண்டு கையாலும் முன்விளிம்பைப் பிடித்துத் தொங்காத குறையாகக் கீழே அழுத்தினான். கண்ணாடிக் கதவும் சாமானும் அதற்கும் பிறகுதான். ஒருவேளை விழுந்தால் வெறும் கூடு விழட்டும் என்கிறான். கூரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு அடி விட்டோம், ஒயர் இறங்கவும் சூடு வெளியேறவும் அது வேண்டும்.

சூடு என்றதும் நம் ஊரைச் சொல்லாமல் முடியாது. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை, சாதாரண ஸ்விட்ச் ரவுட்டர் பலவற்றின் அட்டையில் போட்டிருக்கும் எல்லையே 40தான், பெட்டிக்குள் இன்னும் கூடும். ஃபேன் காற்றை மேல்நோக்கி வெளியே தள்ளுகிறதா என்று ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள், எங்களுக்குத் தலைகீழாக வந்திருந்தது, திருப்பிப் போட்டோம். பிஓஈ ஸ்விட்ச்சுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு யூ காலியாக விட்டிருக்கிறோம். ஒயர் நுழைகிற வாயை மட்டும் பிரஷ் பட்டை போட்டு அடையுங்கள், இல்லாவிட்டால் பல்லி குடும்பத்தோடு வந்துவிடும், உள்ளே அவ்வளவு கதகதப்பு.

எர்த் ஒயர் மாட்டுகிற போல்ட், அதாவது எர்த் ஸ்டட் கொடுத்திருக்கிறார்கள், ஒயர் கொடுக்கவில்லை. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஸ்டட் அடியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பல்லு வாஷர் போட்டு முடுக்கி, அங்கிருந்து எர்த் லைனுக்குப் பச்சை ஒயர் இழுக்க வேண்டும். கதவுக்கும் பக்கத்தகடுக்கும் தனித்தனியாகச் சின்ன ஒயர். இரும்புப் பெட்டி, உள்ளே 230 வோல்ட், ரிசப்ஷனில் எல்லோரும் தொடுகிற இடம், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

யூபிஎஸ்ஸையும் உள்ளே வைக்கலாமா என்று மாமா கேட்டார். ரவுட்டருக்கு வருகிற கைப்பிடி அளவு மினி யூபிஎஸ் என்றால் சரி. பேட்டரி வைத்த பெரிய யூபிஎஸ்ஸோ சர்வரோ இருக்கிறவர்கள் இந்தப் பெட்டியையே வாங்காதீர்கள், தரையில் நிற்கிற ரேக் வாங்குங்கள்.

விலை: 9யூ ஆறாயிரத்துக்குச் சற்றுக் கீழே வந்தது, ஜிஎஸ்டி தனி. பிளைவுட், ஃப்ரேம் பிளக், த்ரெட் ராடு, பட்டை எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம், அதில் பாதிக்கு மேல் பலகைக்கே போனது. தம்பியின் கூலி கடை ஃபிட்டிங் சார்ஜைவிட இரண்டு மடங்கு. கடைக்காரரிடம் ஃபிட்டிங் வேண்டாம், அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் கழிக்கிறார்கள். பில் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.