சம்பளம் 21,000-ஐத் தாண்டப் போகிறதா? ஈஎஸ்ஐயும் கம்பெனி மெடிக்ளைமும்

ஈஎஸ்ஐ என்பது மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கான அரசுத் தொழிலாளர் காப்பீடு. மாதம் 20,000 வாங்குபவரிடம் கம்பெனி, "ஆயிரத்துச் சொச்சம் ஏற்றித் தருகிறோம், ஈஎஸ்ஐ வேண்டாம், மெடிக்ளைமுக்கு வந்துவிடுங்கள்" என்றால் பலரும் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். மெடிக்ளைம், அதாவது கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீட்டின் கார்டைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரி, வரிசையில் நிற்க வேண்டாம். அதெல்லாம் சரிதான். ஆனாலும் இந்தச் சம்பளத்தில் ஈஎஸ்ஐதான் மேல். படுத்துக் கிடக்கும் நாட்களுக்கு யார் பணம் தருவார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளம் 1,20,000. 183 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 656. நோயில் படுத்தால் ஈஎஸ்ஐ நாளுக்குத் தருவது அதில் 70 சதவீதம், அதாவது 459. அடுத்த ஜனவரி–ஜூனில் மஞ்சள் காமாலை வந்து 22 நாள் படுத்தால், முதல் இரண்டு நாள் போக 20 நாளுக்கு 9,180 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறும். ஆண்டுக்கு 91 நாள் வரை இப்படி. இதற்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது மாதம் 150 ரூபாய்.

மெடிக்ளைமில் சம்பள இழப்புக்கு ஒரு பைசா கிடையாது. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது அட்மிட் ஆனால்தான் தரும். காமாலைக்கு வீட்டிலேயே ஓய்வெடுப்பவரின் டாக்டர் ஃபீஸ், வாராவாரம் ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் கைக்காசு. அட்மிட் ஆனாலும் ரூம் வாடகையைப் பாருங்கள்: 3,000 வரை என்றிருக்கும் பாலிசியில் 6,000 ரூபாய் ரூம் எடுத்தால், டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் பாதியாக வெட்டிவிடுவார்கள்.

ஈஎஸ்ஐ பணம் எங்கே சிக்கும்? முதலாவது, சம்பளம் கணக்கிடப்படும் அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி லீவு போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இரண்டாவது, சான்றிதழ். தனியார் கிளினிக்கில் பார்த்துவிட்டுக் கடைசியில் ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போனால் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். முதல் நாளே டிஸ்பென்சரி டாக்டரிடம் முதல் சான்றிதழ் வாங்குங்கள். வேலைக்குத் திரும்பும் முன் இறுதிச் சான்றிதழ். மூன்றாவது, அதே நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு எடுத்தால் இந்தப் பணம் வராது. ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கம்பெனியே நோய் விடுப்புக்கு முழுச் சம்பளம் தருகிறது, பக்கத்தில் நல்ல ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியும் இல்லை என்றால் மெடிக்ளைம் பக்கம் போகலாம். டிஸ்பென்சரியில் காத்திருக்கும் நேரமும் மருந்து இருப்பும் ஊருக்கு ஊர் மாறும், மறுக்கவில்லை.

தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் மாதத்தைப் பாருங்கள். ஏப்ரலிலேயே 21,000-க்கு மேல் போனால் சந்தா மார்ச்சோடு நிற்கும், மருத்துவ வசதி டிசம்பர் 31 வரைதான். மே மாதம் ஏற்றினால் செப்டம்பர் வரை சந்தா தொடரும், மருத்துவ வசதி அடுத்த ஜூன் 30 வரை இருக்கும். ஓவர்டைம் பணம் இந்த 21,000 கணக்கில் சேராது.