கேபிள் பெட்டியா, கூரையில் டிஷ்ஷா?

பெட்டி இல்லாமல் ஒயரை நேராக டிவியில் செருகும் பழைய அனலாக் கேபிள் நின்றபோது எங்கள் தெருவில் கிளம்பிய கேள்வி இது. வீடு மாறுகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

செலவு: கேபிளில் பெட்டிக்குக் குறைவு, சில இடங்களில் இலவசம். அரசு கேபிள் 2017 இல் இலவசமாகவே கொடுத்தது. டிஷ்ஷில் முதலில் கொஞ்சம் கூடுதல். மாதக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2019 இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த அடிப்படைக் கட்டண உச்சவரம்பு 130 ரூபாயும் வரியும், இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தது.

மழை: டிஷ்ஷின் பலவீனம் இதுதான். செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் கேயூ அலைவரிசை சிக்னலை மழைத்துளிகள் விழுங்கிவிடும். ஐப்பசி அடைமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே நின்றுவிடும். அனலாக்கில் புள்ளி விழுந்தாலும் பேச்சாவது கேட்கும். டிஜிட்டலில் அதுவும் கிடையாது. கேபிளுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மின்வெட்டு: இங்கே டிஷ் ஜெயிக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் போதும். கேபிளுக்குத் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டும்.

பழுது: கேபிள்காரர் சைக்கிள் தூரத்தில் இருப்பார். டிஷ்ஷுக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

பழைய பெட்டி டிவி இருந்தாலும் கவலை வேண்டாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் செருக இடமிருந்தால் இரண்டுமே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு டிவிக்கும் தனிப் பெட்டி வேண்டும்; முன்போல ஒரே ஒயரைப் பிரித்து மூன்று அறைக்குக் கொடுக்க முடியாது.

வாடகை வீடு, தனியாக இருக்கும் பெரியவர்கள் என்றால் கேபிள். ஊருக்கு வெளியே தோட்ட வீடு என்றால் டிஷ். மாதக் கட்டணமே வேண்டாம் என்றால், சரி, தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வாங்குங்கள். ஆனால் அதில் தமிழ்ச் சேனல்கள் குறைவு.