ஹைட்ராலிக் ஃபில்டர் மாற்றியதாகச் சொல்லி 14,800 ரூபாய் வாங்கினார்கள், மூடியைக்கூடக் கழற்றவில்லை

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். நேற்று சாயங்காலம்தான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. போனது 14,800 ரூபாய்.

என் வண்டி 1998 மாடல் மாஸி 1035. டெல்டாவில் கேஜ்வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டுகிற வண்டி. சேற்றிலேயே நிற்பதால் சீல் தேய்ந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். பம்ப்பும் அந்த ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்துவிட்டது. பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்ட் விட்டுவிட்டுத் தூக்கியது, பம்ப் பக்கம் ஒரு ஊளைச் சத்தம். ஃபில்டர் அடைத்தால் இப்படித்தான் வரும். மேட்டூர் ஜூன் 12 திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு பட்டறையில் விட்டேன். பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

அன்று சாயங்காலம் போனபோது பட்டறைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். அப்புறம் ஒரு டப்பா ஃபில்டரைக் கையில் எடுத்து வந்தார். அறுத்துப் பிரித்து வைத்திருந்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம், மடிப்பெல்லாம் கறுப்புச் சகதி. அதில் ஒரு விரலை வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டி, “பாருங்கண்ணே, உங்க வண்டியிலேருந்து எடுத்தது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பம்ப்பே போயிருக்கும்” என்றார். கண்ணெதிரே காட்டும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 14,800 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

உழவு தொடங்கி முதல் வயல் முடிவதற்குள் பழைய ஊளைச் சத்தம் வந்துவிட்டது. ரோட்டவேட்டரைத் தூக்கினால் பாதியில் நிற்கிறது. போன் செய்தேன். “காத்து மாட்டியிருக்கும்ண்ணே, ரெண்டு தடவ ஏத்தி இறக்குங்க, சரியாயிடும்” என்றார். ஆகவில்லை. “பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் அனுப்புறேன்.” யாரும் வரவில்லை. நேரில் போய் நின்றால், “உங்க டிரைவர் லோடு ஜாஸ்தி போட்டிருப்பாரு” என்கிறார். எங்கள் வீட்டில் டிரைவர் கிடையாது, ஓட்டுவது நான்தான். அதைச் சொன்னதும், “இருபத்தஞ்சு வருஷத்து வண்டிண்ணே, அது அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கீழே புகுந்துகொண்டார். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதே இல்லை. நாற்றங்கால் முற்றுகிறது, பக்கத்து வயலுக்கெல்லாம் உழவு முடிகிறது, என் வண்டி வரப்போரம் நிற்கிறது. வாடகை வண்டி பிடித்து உழுத காசு தனி.

நேற்று எங்கள் ஊர்ப் பக்கத்து வயதான மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் முதலில் ஸ்பேனரையே எடுக்கவில்லை. பக்கவாட்டு மூடியைத் துணியால் துடைத்துவிட்டு, “தம்பி, இங்க பாரு” என்றார். நான்கு வருஷத்துக்கு முன் அடித்த சாம்பல் பெயிண்ட், போல்ட் தலையும் மூடியும் சேரும் இடத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அது வெடித்திருக்கும். அந்த மூடியைக் கழற்றாமல் என் வண்டியில் ஃபில்டரைத் தொடவே முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம், என் வண்டியில் டப்பா ஃபில்டரே கிடையாது! உள்ளே பம்ப் உறிஞ்சுகிற வாயில் இருப்பது கம்பி வலை. எனக்குக் காட்டிய காகித ஃபில்டர் எவனுடைய வண்டியிலிருந்து எடுத்ததோ. மெக்கானிக் மூடியைத் திறந்து வலையை வெளியே எடுத்தார். மேலே பிசின் மாதிரி கெட்டிச் சகதி, அதற்குள் கேஸ்கெட் பேஸ்ட் துணுக்குகள், ஒரு ஓரம் கிழிந்தே இருந்தது. கிழிந்த வழியாக இரும்புத் தூள் பம்ப்புக்குள் போயிருக்கும் என்கிறார். பம்ப்பைப் பார்க்க மேலே லிஃப்ட் கவரையே தூக்க வேண்டும். அந்தச் செலவு இனிமேல்தான். ஆயிலும் முழுசாக இறக்கவில்லை. கொஞ்சம் இறக்கிவிட்டு மேலே புது ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இதற்குத்தான் 14,800.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது வலையா, டப்பாவா, எந்த இடத்தில் என்று கம்பெனிப் புத்தகத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். ஆயில் வாளியை உங்கள் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம், ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

ஜிபே ரசீதும், அந்தப் பெயிண்ட் தெரிகிற போட்டோவும் என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். சமீபத்தில் எந்தப் பட்டறையிலாவது ஹைட்ராலிக் வேலை பார்த்திருந்தால், இன்றைக்கே ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய் மூடி போல்ட்டுகளைத் துடைத்துப் பாருங்கள்.