ரெண்டு கடா, ரெண்டு வேலை

பைபிள்ல லேவியராகமம் 16ல, இஸ்ரவேல் ஜனங்களோட பாவம் நீங்க வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பாவநிவாரண நாளுக்கு ரெண்டு வெள்ளாட்டுக் கடா வருது, சீட்டு போட்டு ஒண்ணு கர்த்தருக்கு ஒண்ணு போக்காடுன்னு (விட்டு அனுப்புற ஆடு) பிரிப்பாங்க, ஆனா ரெண்டோட வேலையும் வேற வேற. முதல் கடாவ அறுத்து ரத்தத்த பரிசுத்த ஸ்தலத்துத் திரைக்கு உள்ள கொண்டுபோய் கிருபாசனத்துல, அதாவது உடன்படிக்கைப் பெட்டியோட மூடியில, தெளிப்பாங்க, இதுல சுத்தமாகுறது பரிசுத்த ஸ்தலம், ஜனங்களோட தீட்டு அங்க போய் ஒட்டிக்கும்ங்கறதுதான் கணக்கு. நிறைய பேர் இத ஆட்டுக்கு குடுக்குற தண்டனைன்னு நினைக்கிறாங்க, எனக்கு அது சரியா படல.

ரெண்டாவத அறுக்கவே மாட்டாங்க. பிரதான ஆசாரியன் ஆரோன் ரெண்டு கையையும் அது தலைல வச்சு ஜனங்களோட அக்கிரமம் எல்லாத்தையும் அறிக்கை பண்ணி ஒரு ஆள் கையில வனாந்தரத்துக்கு அனுப்பிடுவாரு, விட்டுட்டு வர்றவன் துணி தோய்ச்சு குளிச்சாதான் பாளயத்துக்குள்ள வரலாம்! இந்த விவரம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது, பாவத்த அவ்ளோ நிஜமான பொருளா பாத்திருக்காங்க. ஆனா பிற்கால ஆலய வழக்கத்துல இந்தக் கடாவயும் மலை மேல இருந்து தள்ளிடுவாங்கன்னு யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லுது.