ஜே-1 விசாவில் பிள்ளைக்கான வரிச்சலுகை: மாணவரா, போஸ்ட்டாக்கா?

இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற கல்வி, ஆராய்ச்சிப் பரிமாற்ற விசாவில் போன இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம், ஒருவர் பிஎச்டி மாணவர், மற்றவர் பிஎச்டி முடித்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக். இருவருக்கும் அங்கேயே பிறந்த, சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள ஒரு கைக்குழந்தை. வரிக் கணக்கில் இருவரும் நான்-ரெசிடென்ட், அதாவது அங்கே வசிக்காதவர்; இருவருக்கும் அதற்கான 1040-என்ஆர் வரிப் படிவம்தான். ஆனாலும் பிள்ளைக்காக வரியில் கழியும் 2025ஆம் ஆண்டின் சைல்ட் டாக்ஸ் கிரெடிட், அதாவது அதிகபட்சம் 2,200 டாலர், மாணவர் மட்டும்தான் கேட்க முடியும்.

விசா ஒன்றுதான், ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு மாணவருக்கும் தொழில் பயிலுநருக்கும் மட்டுமே பொருந்தும். வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் அதே வழியில்தான் வருகிறது. போஸ்ட்டாக்குக்கு 22ஆம் பிரிவு: வந்ததிலிருந்து 2 ஆண்டு வரை சம்பளத்துக்கு ஃபெடரல் வருமான வரியே கிடையாது, ஆனால் 2 ஆண்டைத் தாண்டித் தங்கினால் அந்த விலக்கு முதலிலிருந்தே போய்விடும். அதைப் பயன்படுத்துகிறவர் கிரெடிட் போச்சே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ஊரில் பிறந்து, ஜே-1காரரின் குடும்பத்துக்கான ஜே-2 விசாவில் வந்த பிள்ளையா? நான்-ரெசிடென்டாக இருக்கும்வரை இருவருக்கும் ஒன்றுமில்லை, மற்ற சார்ந்தோருக்கான 500 டாலரும் சேர்த்துத்தான்.

அப்புறம் மூன்றாவது வழி, ரெசிடென்ட் ஆகும்வரை காத்திருப்பது. மாணவருக்கு முதல் 5 காலண்டர் ஆண்டு, போஸ்ட்டாக்குக்கு 2, ரெசிடென்ட் கணக்கில் சேராது. டிசம்பர் கடைசியில் இறங்கினாலும் அது முழு ஆண்டாகவே கணக்கு, அதனால் 2023 டிசம்பரில் முதன்முறையாக வந்த போஸ்ட்டாக் 2025இல் 183 நாள் இருந்தாலே ரெசிடென்ட். அப்போது துணையோடு சேர்ந்து ரெசிடென்டுக்கான 1040 படிவம் போடலாம், ஜே-2 பிள்ளைக்கு ஐடிஐஎன் என்ற வரி எண் வாங்கி 500 கேட்கலாம். 60,000 டாலர் சம்பளம், அங்கே பிறந்தது ஒன்று, ஜே-2வில் வந்தது ஒன்று என இரண்டு பிள்ளைகள் என்றால் 31,500 நிலையான கழிவு போக வரி 2,943, கிரெடிட் 2,700 போனால் மிச்சம் 243தான். ஆனால் இதுவரை விலக்காக இருந்த சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம் வந்து சேரும், அது 4,590. அதே சம்பளத்துக்கு, மற்ற கழிவுகள் எதுவும் இல்லாமல், ஒப்பந்தத்தையும் பயன்படுத்தாமல் 1040-என்ஆர் போட்டிருந்தால் வரி மட்டும் 8,114 ஆகியிருக்கும்.

சிலர் பொறுமையில்லாமல் முதல் ஆண்டே சாதாரண மென்பொருளில் 1040 போட்டு ரீஃபண்டும் வாங்கிவிடுகிறார்கள். அது சரியான தேர்வே இல்லை, 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தி, வாங்கியதை வட்டியோடு கட்ட வேண்டிவரும். முதலில் ஜே-1 விசாவுக்காகக் கொடுத்த டிஎஸ்-2019 தாளை எடுத்து, நீங்கள் மாணவரா ஆராய்ச்சியாளரா, எந்த வகை என்று பாருங்கள்.